எனக்குப் புத்தகம் தராத டீச்சர்

எங்கள் பள்ளி லைப்ரரி டீச்சரைப் பற்றி யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷி என்பார்கள். நானும் மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு தங்கமான மனுஷியோடு வருஷக்கணக்கில் ஒரே ஆசிரியர் அறையில் உட்கார்ந்து பார்த்தால்தான் என் கஷ்டம் புரியும். அவரைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அவர் ஓய்வு பெற்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இன்னும் எரிகிறது.

ஈப்போவுக்கும் செமோருக்கும் இடையில் இருந்த இடைநிலைப்பள்ளி அது. நான் கணக்கு டீச்சர். சுற்றிலும் இருந்த ரப்பர் தோட்டங்களை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்த காலம். தோட்டத்து லயத்திலிருந்து வரும் பிள்ளைகள், புதுசாகக் கட்டிய தாமான் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், மலாய்ப் பிள்ளைகள் என்று எல்லாரும் காலையில் ஒரே கேட்டுக்குள் நுழைவார்கள். என் வகுப்புக்கு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருகிற அதே கூட்டம், மணி அடித்ததும் லைப்ரரிக்கு ஓடும். கணக்கு வாத்தியாருக்கு இது புதுசில்லை என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு முன்னால் இருந்த கணக்கு வாத்தியார்கள் காலத்தில் லைப்ரரியில் கரையான்தான் இருந்தது. இவர் வந்த பிறகுதான் போட்டி.

அவர் குள்ளமான ஆள். சிம்பாங் பூலாயிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடுவார் என்று கேள்வி. சேலைக்குக் கீழே வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து போட்டிருப்பார், ஏணியில் ஏறி இறங்க வசதியாம். மூக்குக்கண்ணாடியைத் தலைக்கு மேலே ஏற்றிவிட்டு, அதையே மேசை மேசையாகத் தேடுவார். பிள்ளைகள் சொல்லாமல் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். நான் அப்படித் தேடியிருந்தால் ஒரு பிள்ளைக்கும் சிரிக்கத் தைரியம் வந்திருக்காது.

அவருக்கு ஒரு வித்தை தெரியும். ஆளைப் பார்த்துப் புத்தகம் கொடுப்பார். வந்தவுடன் கொடுக்கமாட்டார். இரண்டு மூன்று வாரம் சும்மா பார்ப்பார். எப்படி உட்காருகிறான், எதை வெறித்துப் பார்க்கிறான், யாரோடு சண்டை போடுகிறான் என்று. அப்புறம் ஒருநாள் எங்கிருந்தோ ஒன்றை உருவிக் கையில் வைப்பார்.

"இந்தா, இது ஒன்னோட புக்குலா."

அவ்வளவுதான். அது உண்மையிலேயே அவனுடைய புத்தகமாகிவிடும்.

இந்த வித்தை பிள்ளைகளோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பள்ளி ஜாகா, ராத்திரிக் காவலுக்குத் தோட்டத்திலிருந்து வந்த மனிதர், தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர். அவருக்கு நட்சத்திரங்களைப் பற்றிய பெரிய எழுத்துப் பிள்ளைகள் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். முழு இரவும் விழித்திருக்கிற ஆளுக்கு வேறென்ன வேண்டும்! அதற்குப் பிறகு அந்த மனிதர் சாயங்காலம் வீட்டுக்குப் போகிற டீச்சர்மாரையெல்லாம் நிறுத்தி வானத்தைக் காட்ட ஆரம்பித்தார். கென்டீன் நடத்திய சீனத்தி அக்காவுக்கு எழுத்தே தெரியாது. அவருக்கு நாய்களின் படப் புத்தகம். கடைக்குப் பின்னால் கட்டியிருந்த நாய் என்ன ஜாதி என்று கண்டுபிடித்து, ஒரு வாரம் மீ கோரெங் போடும்போதெல்லாம் அதே பேச்சு. எங்கள் தலைமையாசிரியர் சிரிக்கவே தெரியாத மனிதர். அவருக்குக் கொடுத்தது ஒரு காதல் கதை. அரசாங்க ஃபைலுக்குள் மறைத்து வைத்து அவர் அதைப் படித்ததை நானே பார்த்தேன்.

புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தால் "நல்லா இருந்துச்சா?" என்று அவர் கேட்டதே கிடையாது. "எங்க நிறுத்துன?" என்று கேட்பார். எந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்துபோனாய் என்று அர்த்தம். பிள்ளை சொல்கிற பதிலை வைத்து அடுத்த புத்தகம். ஒரு பையன் "புலி வர்றதுக்கு முன்ன நிறுத்திட்டேன் டீச்சர்" என்றால், இவர் தலையை ஆட்டிக்கொண்டு வேறு அலமாரிக்குப் போவார். நான் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். இவருக்கு மட்டும் இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கடுப்பாக இருக்கும்.

ஒரு வருஷக் கடைசி விடுமுறைக்கு முன்னால், ஆசிரியர் அறையில் மேசைக்கு மேசை ஒரு புத்தகம் வைத்துக்கொண்டே வந்தார். என் மேசைக்கு வந்ததும் நின்றார். நான் திருத்துகிற தாளிலிருந்து தலை தூக்கவில்லை. ஆனால் பேனா ஓடவில்லை.

"ஒங்களுக்கு வேல நெறைய இருக்கும், டீச்சர்," என்றார்.

"ஆமா," என்றேன்.

அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். கையில் ஒரு புத்தகம் மிச்சம் இருந்தது. அதை யாருக்கும் கொடுக்காமல் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். ஜாகாவுக்கு உண்டு, கென்டீனுக்கு உண்டு, கணக்கு டீச்சருக்குக் கிடையாது. கேட்டு வாங்குகிற ஆளும் நான் இல்லை.

இதெல்லாம் சின்ன எரிச்சல். என் மகள் ஆரம்பப் பள்ளி முடித்து முதலாம் படிவத்துக்கு அதே பள்ளிக்கு வந்த பிறகுதான் பெரிய எரிச்சல் ஆரம்பித்தது. பள்ளி விட்டதும் எனக்கு ஏதாவது கூட்டம் இருக்கும். அதுவரை லைப்ரரியில் இரு என்று நான்தான் அனுப்பினேன். கூட்டம் முடிந்து போய்ப் பார்த்தால் உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும். என் மகள் அப்படிச் சிரித்து நான் வீட்டில் கேட்டதில்லை. காரில் ஏறியதும் வாய் மூடிவிடும். பேசினாலும், "டீச்சர் சொன்னாங்க," "டீச்சருக்கு அது புடிக்காது," "டீச்சர் என்ன செஞ்சாங்க தெரியுமா..." நானும் ஒரு டீச்சர்தான் என்று சொல்ல வாய்வரை வரும். சொல்லாமல் ரேடியோவைத் திருகிவிடுவேன்.

அந்த வருஷம்தான் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஈயம் எடுக்கிற லம்பம் வைத்திருந்த ஒரு சீனத் தௌக்கே, பேரன் படிக்கிற பள்ளியாயிற்றே என்று வாங்கிக் கொடுத்தார். ஒரு கீபோர்டு, ஒரு சின்ன டிவி, ஒரு கேசட் ரெக்கார்டர். பாட்டுக் கேட்கிற அதே கேசட்தான், அதில் புரோகிராமைப் பதிந்து வைக்க வேண்டும். ஓடவிட்டால் கீச்கீச்சென்று கத்தும். எங்கள் பள்ளியில் அதைத் தொடத் தெரிந்தவள் நான் ஒருத்தி. சனிக்கிழமை தோறும் ஈப்போவில் என் சொந்தச் செலவில் வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டவள். கணக்கு அறையில் மேசைகூட ஒதுக்கி வைத்தேன்.

தலைமையாசிரியர் அதை லைப்ரரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். மிஷினுக்குக் குளிர் வேண்டுமாம், ஏர்கோன் இருக்கிற அறை அது ஒன்றுதானாம். ஃபைலுக்குள் காதல் கதை படிக்கிறவர் வேறென்ன சொல்வார்!

மறுநாளே லைப்ரரி டீச்சர் கோப்பிக் கிளாஸோடு என் மேசைக்கு வந்துவிட்டார்.

"டீச்சர், எனக்கு இந்த மிஷின் ஒண்ணும் தெரியாது. ஆள் வந்தா கேள்வி கேக்கணும். பதில பாத்து புக்கு சொல்லணும். அப்படிச் செய்யுமா?"

"அதான் நீங்களே செய்றீங்களே," என்றேன்.

"நான் ஒரு ஆள்தானே. லைன்ல பத்துப் பேரு நிக்கிறாங்க. கூச்சப்படுற பிள்ளைங்க கிட்ட வரவே மாட்டேங்குது. மிஷின்னா வரும்லா."

கற்றுக்கொடுத்தேன். மறுத்தால் பொறாமை என்று தெரிந்துவிடுமே! இப்படியென்றால் இந்த வரிக்குப் போ, அப்படியென்றால் அந்த வரிக்குப் போ, அவ்வளவுதான் புரோகிராம் என்று போர்டில் எழுதிக் காட்டினேன். ஓய்வு வேளைக்கு ஓய்வு வேளை வந்து நச்சரித்தார். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு மூன்று மாதம் பிடிக்கிற விஷயத்தை அவர் மூன்று வாரத்தில் பிடித்துக்கொண்டார். நல்ல மாணவி கிடைத்தால் ஆசிரியருக்குச் சந்தோஷம் வர வேண்டும் என்பார்கள். எனக்கு வரவில்லை.

அவர் எழுதிய கேள்விகளைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. உனக்கு எந்தப் பாடம் பிடிக்கும், எத்தனை வயது என்று ஒன்றையும் காணோம். படுத்துக்கொண்டு படிப்பாயா, உட்கார்ந்தா? கடைசிப் பக்கத்தை முதலில் பார்ப்பாயா? கதையில் யாராவது செத்துப்போனால் பரவாயில்லையா? படித்த கதையை யாரிடம் போய்ச் சொல்வாய்? பக்கத்தில் இருக்கிறவருக்குப் பரிசு கிடைத்தால் என்ன செய்வாய்: ஒன்று, கை தட்டுவேன், இரண்டு, எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று நினைப்பேன், மூன்று, கவனிக்க மாட்டேன்.

"இதுக்கும் புக்குக்கும் என்ன டீச்சர் சம்பந்தம்?"

"இருக்கு, டீச்சர்," என்றார். அடுத்த கேள்வியை அடிக்க ஆரம்பித்தார்.

கேள்வி மலாயில்தான் வரும். தமிழ் எழுத்து அந்த மிஷினுக்குத் தெரியாது என்பதால் தமிழ்ப் புத்தகங்களின் பெயரை ரூமி எழுத்தில், அதாவது ஏபிசியில், அடிக்க வேண்டும். அந்த வேலையை என் மகள் எடுத்துக்கொண்டாள். தினமும் இரண்டு பேரும் தலையோடு தலை ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள். அவர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இது யாருக்கு, எந்தப் பதிலுக்கு என்று சொல்லச் சொல்ல, அவள் அடிப்பாள். ஒரு தமிழ்ப் பத்திரிகைக்காரர் வந்து படம் பிடித்துக்கொண்டு போனார். பத்திரிகையில் மிஷின், அவர், என் மகள். புரோகிராம் சொல்லிக்கொடுத்தவள் படத்துக்கு வெளியே எங்கோ நின்றாள். வீட்டுக்காரர் அதை வெட்டிக் கண்ணாடிக்குள் மாட்டினார். மாட்டும்போது ஆணியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான்.

அடுத்த வருஷம் ஒருநாள். நான் வகுப்பில் இருந்தேன். வாசலில் ஒரு பெண் பிள்ளை வந்து நின்றது.

"டீச்சர், லைப்ரரி டீச்சர் ஒங்கள வரச் சொன்னாங்க. அவசரம் இல்லையாம். ஆனா இப்பவே வரணுமாம்."

போனேன். லைப்ரரிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே என் மகள் இடுப்பில் பாத்திக் சாரோங் சுற்றிக்கொண்டு, கையில் மைலோ கிளாஸோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சந்தோஷமான சேதிலா, டீச்சர்," என்றார் அவர். "பொண்ணு பெரிய மனுஷி ஆயிருச்சு."

எனக்குச் சந்தோஷம் வந்தது. பொய் சொல்லமாட்டேன், கண் கலங்கிற்று. அடுத்த நொடியே இன்னொன்றும் வந்தது. பிள்ளைகளின் கழிப்பறைக்கு அடுத்த அறை என் வகுப்பு. லைப்ரரிக்குப் போக வேண்டுமென்றால் திடலைச் சுற்றிக்கொண்டு அந்தக் கடைசிக்குப் போக வேண்டும். என் வாசலைத் தாண்டித்தான் அவள் அங்கே போயிருக்கிறாள்.

"ஏம்மா எங்கிட்ட வரல?" என்று காரில் கேட்டேன்.

"நீங்க பாடம் நடத்திக்கிட்டு இருந்தீங்க," என்றாள்.

அன்று சாயங்காலமே சித்தியவானிலிருந்து என் நாத்தனார் வந்து இறங்கிவிட்டார். வீட்டுக்காரருடைய அக்கா. அத்தை என்ற முறையில் தண்ணீர் ஊற்ற வேண்டியவர் அவர்தான். பையை வைப்பதற்கு முன்னால் கேட்ட முதல் கேள்வி:

"மொதல்ல யாரு பாத்தது?"

நான் யோசிக்கவே இல்லை. "நான்தான், அண்ணி," என்றேன்.

அந்த ஒன்றையாவது நான் வைத்துக்கொள்ள நினைத்தேன். ஆனால் நாத்தனார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

"பெத்தவ மொதல்ல பாக்கலாமா? ஒனக்கு இதுகூடத் தெரியாதா? படிச்சவதானே நீ! வேற யாராச்சும் பாத்துருந்தா ஒண்ணுமில்ல. இப்ப தண்ணி ஊத்துற வரைக்கும் தாயும் மவளும் மொகம் பாத்துக்கக் கூடாது. எங்க வீட்டு வழக்கம் அது."

எனக்கு அந்த வழக்கம் தெரியாது. எங்கள் வீட்டில் என் அம்மாதான் முதலில் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. அதைச் சொல்லி என்ன செய்ய? பிள்ளையின் அறை வாசலில் ஒரு கெட்டித் திரையைத் தொங்கவிட்டு, நாத்தனார் காவலுக்கு உட்கார்ந்துகொண்டார். சோறு அவர் கையால், உளுந்தங்களி அவர் கையால், தலை வாருவதும் அவர்தான். பள்ளிக்குப் போகாமல், லைப்ரரிக்குப் போகாமல், முதல்முறையாக என் மகள் முழுநாளும் என் வீட்டில் இருக்கிறாள். நான் திரைக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன்.

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் திரையை அவிழ்த்துவிடுவார்கள். "லைப்ரரி டீச்சர்தான் முதலில் பார்த்தார்." அவ்வளவுதான். காலையில் எழுந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். நாத்தனார் முகத்துக்கு எதிரே போய் நின்றதும் உளுந்து ஊறிவிட்டதா என்று கேட்டுவிட்டு வருவேன். அந்தப் பேரை இந்த வீட்டில், இந்த விஷயத்தில் சொல்வதற்கு மனசு வரவில்லை.

நாத்தனார் குளிக்கப் போயிருந்தபோது திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மகள் மெல்லக் கேட்டாள்.

"ஏம்மா அத்தகிட்ட பொய் சொன்னீங்க?"

"பேசாம இரு," என்றேன். பிறகு, "போர் அடிக்குதா?" என்று கேட்டேன்.

"ரொம்ப. டீச்சர்கிட்ட கேட்டு ஒரு புக்கு வாங்கிட்டு வாங்கம்மா."

எதை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். பாசார் மாலாம் ராச்சந்தையில் விற்கிற வளையல் அத்தனையும் வாங்கிக் கொடுத்திருப்பேன். அவரிடம் போய், என் பிள்ளைக்கு என்ன புத்தகம் பிடிக்கும் என்று நான் கேட்க வேண்டுமா? மிஷின் இருக்கிறதே, நான் சொல்லிக்கொடுத்த மிஷின்! அதைக் கேட்கலாம் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் ஓய்வு வேளையில் லைப்ரரிக்குப் போனேன். அவர் புத்தகங்களுக்கு நம்பர் ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார்.

"நான் கோப்பி குடிச்சிட்டு வாரேன், டீச்சர். கேசட் போட்டுத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

மகளுக்காகப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். படுத்துக்கொண்டா, உட்கார்ந்தா? என் கண் எதிரில் மேசையில் உட்கார்ந்துதான் படிப்பாள். உட்கார்ந்து என்று அடித்தேன். கடைசிப் பக்கம்? விடை எங்கே இருக்கிறது என்று முதலில் பார்ப்பதுதானே புத்திசாலித்தனம். ஆம். யாரிடம் சொல்வாய்? வாயே திறக்காத பிள்ளை. யாரிடமும் இல்லை. பக்கத்தில் இருக்கிறவருக்குப் பரிசு கிடைத்தால்? எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்றுதானே யாரும் நினைப்பார்கள். இரண்டு.

மிஷின் ஒரு பெயரைக் காட்டியது. தமிழ் நாவல், ஜன்னலோர அலமாரி. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, அவர் வருவதற்குள் கிளம்பிவிட்டேன்.

சாயங்காலம் நாத்தனார் அடுப்படியில் இருந்தபோது, புத்தகத்தைத் திரைக்குக் கீழே தள்ளினேன். பக்கம் புரளும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். சிரிப்புச் சத்தம் கேட்டது. லைப்ரரியில் கேட்ட அதே சிரிப்பு, இப்போது என் வீட்டில்.

"அம்மா, இது எனக்கு இல்ல."

"மிஷின்தானே குடுத்துச்சு."

"நீங்க என்ன பதில் போட்டீங்க?"

சொன்னேன்.

"நான் குப்புறப் படுத்துக்கிட்டுத்தான் படிப்பேன். கடைசிப் பக்கம் பாக்கவே மாட்டேன். பரிசு கெடச்சா கை தட்டுவேன். யார்கிட்ட சொல்வேன்ங்கிறதுக்கு அம்மான்னுதான் எப்பவும் போடுவேன். கார்ல சொல்லலாம்னு ஆரம்பிச்சா நீங்க ரேடியோ போட்டுருவீங்க."

நான் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"நீங்க போட்டது எல்லாமே ஒங்க பதில்ம்மா," என்றாள். "டீச்சர் அதுக்குத்தான் இந்தப் புக்க வச்சாங்க. நான்தான் டைப் பண்ணேன். 'ஒங்கம்மாவுக்கு நான் நேர்ல குடுத்தா வாங்க மாட்டாங்க. ரெண்டு வாட்டி கொண்டுபோயிட்டுத் திரும்பி வந்துட்டேன். மிஷின் குடுத்தா வாங்குவாங்க. என்னைக்காச்சும் வருவாங்க பாரு'ன்னு சொன்னாங்க."

புத்தகம் திரைக்குக் கீழே திரும்பி வந்தது.

"நீங்க படிங்க. சத்தமாப் படிங்க. எனக்கும் கேக்கும்ல."

ஒரே தெருவில் எதிரெதிரே கடை வைத்திருக்கிற இரண்டு தையல்காரிகளின் கதை. ஒருத்தியின் மிஷின் சத்தம் கேட்டால் மற்றவளுக்குத் தூக்கம் வராது. முதல் பக்கத்திலேயே எனக்கு முகம் சுட்டது. நிறுத்தவில்லை. இருபது வருஷமாகக் கணக்கைத் தவிர வேறெதையும் நான் சத்தமாக வாசித்ததில்லை. ஆரம்பத்தில் தேற்றம் சொல்கிற மாதிரிதான் இருந்தது. போகப் போகத் தையல்காரிகளுக்குக் குரல் வந்துவிட்டது. நாத்தனார் களி கிண்டிய கரண்டியோடு வந்து நின்றார். ஏதோ சொல்ல வந்தவர், "அப்புறம் அவ என்ன செஞ்சா?" என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

திரைக்கு அந்தப் பக்கத்தில் என் மகள் நகர்ந்து நகர்ந்து வாசல் பக்கம் வருவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவள் முதுகு திரையோடு என் தோளில் வந்து சாய்ந்தது. முகம் பார்க்கத்தான் கூடாது என்றார்கள், சாயக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம் "ம்" என்றாள். அந்தச் சாயங்காலம் முழுவதும் அவள் எனக்கே எனக்காக இருந்தாள். ஒரு தடவைகூட "டீச்சர் சொன்னாங்க" என்று சொல்லவில்லை.

அதைக் கொடுத்ததும் அந்த மனுஷிதான். கோப்பி குடிக்கிற சாக்கில் கதவைச் சாத்திக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறார். நான் போய் நன்றி சொல்லியிருக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். என் மகளும் இன்றுவரை சொல்கிறாள். நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.